அலுமினியத் தகட்டை வெட்டுவதும் மடிப்பதும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுப் பட்டறைப் பகுதியில் இந்த இதழ் முழுக்க அலுமினியத் தகடுதான். ஒரே பதிலில் அடங்கக்கூடிய கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் 2 மி.மீ. அலுமினியத் தகடு வாங்கினேன். வைஸில் கவ்வி, சுத்தியால் தட்டி 90 டிகிரிக்கு மடித்தபோது மடிப்பு வரியிலேயே பிளந்துவிட்டது. மெத்தென்ற உலோகம்தானே, ஏன் உடைகிறது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கடையில் ஒரே பெயரில் விற்றாலும், என்ன கலந்திருக்கிறது, எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்து அலுமினியத்தின் குணம் தலைகீழாக மாறும். சுத்த அலுமினியத்துக்கு மிக நெருக்கமான 1100, மாங்கனீசு கலந்த 3003, மக்னீசியம் கலந்த 5052 மூன்றும் மடிப்புக்கு ஏற்றவை. 6061 உறுதியான ரகம். அதிலும் டி6 என்று வெப்பப் பதம் போட்டது கூர்மையான மடிப்பைத் தாங்காது. பழைய பட்டியல்களிலும் சில கடைகளிலும் இதையே 65032 அல்லது ஹெச்ஈ20 என்பார்கள். இயந்திரப் பாகங்களிலிருந்து கழித்த தகடு என்றால் அது இந்த ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்குக் கிடைத்ததும் இதுவாக இருக்கலாம்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். 'ஓ' என்றால் முழு மென்மை. 'ஹெச்14' என்றால் உருட்டிப் பாதி கடினமாக்கியது. 'ஹெச்18' முழுக் கடினம், மடிப்புக்கு ஆகாது. புதிதாக வாங்குகிறவர்கள் "3003 ஹெச்14" அல்லது "5052 ஹெச்32" என்று கேட்டு வாங்கினாலே பாதித் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது மடிப்பின் உள்வளைவு ஆரம். 2 மி.மீ. தகட்டில் 3003 ஹெச்14 என்றால் உள் ஆரம் 2 மி.மீ. போதும். 5052 ஹெச்32-க்கு 3 மி.மீ. வைத்துக்கொள்வது நல்லது. 6061 டி6-க்குக் குறைந்தது 6 மி.மீ. வேண்டும். வைஸ் தாடையின் விளிம்போ கத்தி மாதிரி இருக்கிறது, அதன் ஆரம் அரை மி.மீ.கூடத் தேறாது. அதன் மேல் மடித்தால் வெளிப்புறத் தோல் அளவுக்கு மீறி இழுபட்டுக் கிழியும். சுத்தி அடி அந்தக் கிழிசலை இன்னும் விரைவாக்கும்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. மடிப்பு வரியைக் கூர் ஆணியால் கீறிக் குறித்திருந்தால், அந்தக் கீறலே விரிசலுக்கு வாசல். வெட்ட வேண்டிய கோட்டை மட்டும் கீறுங்கள், மடிக்க வேண்டியதை மெல்லிய மார்க்கர் பேனாவால் குறியுங்கள். பென்சிலும் வேண்டாம். கரித்தூள் ஈரத்தோடு சேர்ந்தால் அந்தக் கோட்டிலேயே அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

நான்காவது, உருட்டிய திசை. தகட்டின் மேல் மயிரிழை போல ஒரே திசையில் கோடுகள் தெரியும். 8க்கு 4 அடித் தகட்டில் அவை 8 அடி நீளவாக்கில் ஓடும். மடிப்பு வரி அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக வர வேண்டும். கோடுகளின் போக்கிலேயே மடித்தால் சீக்கிரம் வெடிக்கும். இரு திசையிலும் மடிப்பு வரும் பெட்டி என்றால், தகட்டை 45 டிகிரி சாய்த்து வெட்டி எடுக்கலாம். சேதாரம் கூடும்.

இனி கையிலிருக்கும் தகடு எந்த ரகம் என்று தெரியாவிட்டால் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஓரத்திலிருந்து 25 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளத்தில் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள், பாதி கோட்டுக்குக் குறுக்காக, பாதி கோட்டின் போக்கில். 12, 8, 6, 4 மி.மீ. கம்பிகளின் மேல், பெரியதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் புதுத் துண்டாக 90 டிகிரிக்கு மடியுங்கள். கம்பியின் பாதி விட்டம்தான் உள் ஆரம். வெளிப்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு தெரிந்தால் எல்லையை நெருங்கிவிட்டீர்கள், அதற்கு முந்தைய கம்பியே உங்கள் ஆரம். முடி போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல். 12 மி.மீ. கம்பியிலேயே வெடிக்கிறது என்றால் அந்தத் தகட்டை மடிக்க நினைக்காதீர்கள், தட்டையாகப் பயன்படும் வேலைக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: சூடு காட்டினால் மென்மையாகும் என்கிறார்கள். கேஸ் அடுப்பில் செய்யலாமா?
– வாசகி, கரூர்

பதில்: கையகலத் துண்டு என்றால் செய்யலாம். ஆனால் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கும் பழக்கம் அலுமினியத்துக்கு இல்லை. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதுவரை பழைய நிறத்திலேயே இருந்துவிட்டுத் திடீரென்று தொய்ந்து விழும். அதனால் மடிப்பு வரும் இடத்தில் சலவை சோப்பை உலர்வாகத் தேய்த்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து தீயை நகர்த்தி நகர்த்திக் காட்டுவார்கள். சோப்பு பழுப்பாகிக் கறுத்ததும் நிறுத்த வேண்டும். ஆறிய பிறகு மடிக்கலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. 6061 டி6-ன் இழுவலிமை சுமார் 310 மெகாபாஸ்கல், முழுவதும் மென்மையாக்கினால் ஏறக்குறைய 125. சுமை தாங்கும் தாங்கி, ஏணிப் பாகம், வண்டி பாகம் எதையும் இப்படிச் செய்யக் கூடாது. பெயின்ட் அடித்த, பிளாஸ்டிக் ஒட்டிய தகட்டைச் சூடாக்கவே கூடாது, புகை நச்சு. எங்களைக் கேட்டால், சூடு காட்டுவதைவிட ஆரத்தைக் கூட்டுவதே மேல்.

கேள்வி: ஆம்பிளிஃபயர் பெட்டிக்கு 18 கேஜ் தகட்டில் 'ப' வடிவம் மடித்தேன். நடுப்பகுதி 100, இரு பக்கமும் 40 மி.மீ. என்று கணக்கிட்டு 180 மி.மீ. வெட்டினேன். மடித்த பிறகு அளவு கூடிவிட்டது. எங்கே தப்பு?
– வாசகர், சேலம்

பதில்: வெளியளவுகளை அப்படியே கூட்டியதுதான் தப்பு. மூலையில் தகடு சுற்றிக்கொண்டு வளைகிறது. வெளியளவு இரண்டும் சந்திக்கும் கூர்முனை வரை அது போவதில்லை. ஆகவே ஒவ்வொரு மடிப்புக்கும் கொஞ்சம் கழிக்க வேண்டும்.

18 கேஜ் (எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கணக்கில்) என்றால் 1.22 மி.மீ. கணக்குக்கு 1.2 என்று கொள்வோம். உள் ஆரம் 1.5 என்றால், வளைவுக்குச் செலவாகும் நீளம் = 1.57 × (ஆரம் + 0.42 × தடிமன்) = 1.57 × (1.5 + 0.5), அதாவது 3.15 மி.மீ. வெளியளவில் அந்த மூலை எடுத்துக்கொள்ளும் இடமோ 2 × (1.5 + 1.2) = 5.4 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2.25. ஒரு மடிப்புக்கு இவ்வளவு கழித்தால் 180 – 4.5 = 175.5 மி.மீ. நீங்கள் வெட்டியிருக்க வேண்டிய நீளம் இது.

அந்த 0.42 தகட்டின் ரகத்துக்கும் மடிக்கும் முறைக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும். துல்லியம் வேண்டுமென்றால் சரியாக 100 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை நடுவில் மடித்து இரு வெளியளவையும் வெர்னியரில் அளந்து கூட்டுங்கள். 100-க்கு மேல் எவ்வளவு வருகிறதோ அதுவே உங்கள் கழிவு. சூத்திரத்தைவிட இந்தத் துண்டை நம்பலாம்.

கேஜ் எண்ணையும் கண்மூடி நம்பாதீர்கள். எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 16 என்றால் 1.63, 20 என்றால் 0.91, 22 என்றால் 0.71 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் அதே 18 கேஜ் 1.02 மி.மீ. ஆகிவிடும். மி.மீ. சொல்லி வாங்குங்கள். எடையிலும் சரிபார்க்கலாம்: 8க்கு 4 அடி, 1 மி.மீ. தகடு ஏறக்குறைய 8 கிலோ இருக்கும். கிலோ விலையில் வாங்குகிறவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

கேள்வி: மடிப்பு இயந்திரம் இல்லாமல் இரண்டடி நீள மடிப்பை நேராக எடுக்க என்ன வழி? நான் தட்டினால் ஓரமெல்லாம் அலை அலையாக வருகிறது.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: அலைக்குக் காரணம் சுத்தி. அலுமினியத்தை நேரடியாகத் தட்டினால் அடி விழுந்த இடம் நசுங்கிப் பரவுகிறது. பரவிய நீளத்துக்குப் போக்கிடம் இல்லாமல் ஓரம் நெளிகிறது. மடிப்பு என்பது அழுத்தி எடுக்க வேண்டிய வேலை. சுத்திக்குக் கடைசியில் சின்னப் பங்குதான், அதுவும் மரக்கட்டைக்கு மேலே.

தேவை: 40 × 10 மி.மீ. இரும்புப் பட்டை இரண்டு, தகட்டைவிட இரு பக்கமும் 50 மி.மீ. நீளமாக. இரண்டையும் சேர்த்து வைத்து இரு முனையிலும் துளைபோட்டு 10 மி.மீ. போல்ட் மாட்டுங்கள். தகடு இரண்டுக்கும் நடுவில் நிற்கும்; அது மடியும் பக்கத்தில் இருப்பதுதான் முன்பட்டை. அதன் மேல்விளிம்பை, தகட்டைத் தொடும் பக்கத்தில், அரத்தால் தேவையான ஆரத்துக்கு உருட்டுங்கள். 2 மி.மீ. ஆரம் சரிதானா என்று பார்க்க, ஒரு தகரத் துண்டில் 4 மி.மீ. துளை போட்டு, அதன் கால்வாசி மட்டும் மூலையில் தெரியும்படி வெட்டினால் அதுவே அளவுமானி.

இப்போது முக்கியமான வேலை. மடித்து விட்டதும் தகடு கொஞ்சம் பின்வாங்கும். மென்மையான ரகம் 1–2 டிகிரி, 5052 ஹெச்32 சுமார் 3–5 டிகிரி, டி6 ரகம் அதற்கும் மேலே. ஆகவே 90-ஐத் தாண்டி மடிக்க இடம் வேண்டும். முன்பட்டையின் மேல்முகத்தை, ஆரமிட்ட விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்து அரைத்துவிடுங்கள். 10 மி.மீ. அகலத்தில் 1 மி.மீ. இறக்கினால் ஏறக்குறைய 6 டிகிரி கிடைக்கும். எல் ஆங்கிளில் செய்கிறவர்கள் 90-க்கு மேல் போக முடியாமல் தவிப்பது இந்த இடத்தில்தான். ஆங்கிளின் அகலமான மேல்தளம் தடுத்துவிடும்.

தகட்டை எங்கே கவ்வுவது என்பதற்கு எளிய கணக்கு: வேண்டிய வெளியளவிலிருந்து தகட்டின் தடிமனைக் கழியுங்கள். 1.2 மி.மீ. தகட்டில் 40 மி.மீ. பக்கம் வேண்டுமென்றால், பட்டைக்குள் இருக்கும் ஓரத்திலிருந்து 38.8 மி.மீ.யில் பட்டையின் மேல்விளிம்பு வர வேண்டும். இரு முனையிலும் அளந்து பார்த்த பிறகே போல்ட்டை இறுக்குங்கள். பட்டையின் நடுப்பகுதியை வைஸில் கவ்வுங்கள், வைஸுக்கு இருபுறமும் ஒவ்வொரு ஜி கிளாம்ப் போடுங்கள். இல்லாவிட்டால் பட்டைகள் விலகி, மடிப்பு சில இடங்களில் கூர்மையாகவும் சில இடங்களில் உருண்டும் வரும்.

நேரான கெட்டி மரச்சட்டம் ஒன்றைத் தகட்டின் முழு நீளத்துக்கும் வைத்து, மடிப்புக்கு அருகிலேயே இரு கையாலும் ஒரே சீராகத் தள்ளுங்கள். முதலில் 30 டிகிரி, பிறகு 60, பிறகு முழுவதும். ஒரு முனையை முடித்துவிட்டு மறுமுனைக்குப் போகாதீர்கள், தகடு முறுக்கிக்கொள்ளும். கடைசியில் அதே சட்டத்தின் மேல், மடிப்பை ஒட்டி, மெதுவாகத் தட்டி முடியுங்கள். இரண்டடி நீளத்துக்கு 1.2 மி.மீ. தகடு கை வலுவுக்கு அடங்கும். தடிமன் இரண்டு மடங்கானால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிவிடும், அதனால் 2.5 மி.மீ. தகட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். பக்கத்து ஃபேப்ரிகேஷன் கடையில் பிரஸ் பிரேக் என்னும் மடிப்பு இயந்திரம் இருந்தால் கொடுத்து மடித்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

நான்கு பக்கமும் மடிக்கும் தட்டு என்றால் இரண்டு விஷயம். மடிப்பு வரிகள் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் முதலில் 3–4 மி.மீ. துளை போட்டுவிட்டு, அந்தத் துளை வரைதான் மூலைச் சதுரத்தை வெட்ட வேண்டும். துளை இல்லாவிட்டால் மூலையில் உலோகம் நெருக்கிக்கொண்டு புடைக்கும், அல்லது கிழியும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை மடித்த பிறகு, மீதி இரண்டுக்கு நீளப் பட்டை உள்ளே நுழையாது. தட்டின் உள் அகலத்தைவிட 1 மி.மீ. குறைவாக இன்னொரு முன்பட்டை தயாராக இருக்க வேண்டும். இதை முதலிலேயே யோசிக்காதவர்கள் கடைசிப் பக்கத்தைக் கையால் வளைத்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஜிக்சாவில் வெட்டும்போது பிளேடின் பற்களுக்குள் அலுமினியம் ஒட்டிக்கொண்டு ஓட மறுக்கிறது. கிரைண்டரில் வெட்டினாலும் டிஸ்க் அடைத்துக்கொள்கிறது.
– வாசகர்கள், ஓசூர், மதுரை

பதில்: பல் உராயும் சூட்டில் அலுமினியத் துகள் இளகிப் பல்லோடு ஒட்டிவிடுகிறது. பிறகு பல் வெட்டுவதில்லை, தேய்க்கிறது. சூடு இன்னும் ஏறுகிறது. இதற்கு வழுக்கல்தான் மருந்து. கை ஹேக்ஸாவுக்கு இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் அருமையான வேலை செய்யும். ஜிக்சாவுக்கு அது கூடாது, மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் பொறி பறக்கும். மெழுகுவத்தியைப் பிளேடில் தேய்த்தாலே போதும், ஒவ்வொரு அரையடிக்கும் ஒருமுறை.

பிளேடு தேர்வுக்கு வாய்பாடு: தகட்டின் தடிமனுக்குள் எப்போதும் குறைந்தது இரண்டு பல்லாவது இருக்க வேண்டும். 1 முதல் 3 மி.மீ. தகட்டுக்கு நுண்பல் டி118ஏ வகை பிளேடு, அதற்கு மேல் தடிமனுக்கு அகலப்பல் டி127டி. ஹேக்ஸாவில் அங்குலத்துக்கு 32 பல் உள்ளதை வாங்குங்கள். 1 மி.மீ. தகட்டில் எந்தப் பிளேடும் இந்தக் கணக்குக்குள் வராது. அதை இரண்டு 6 மி.மீ. பிளைவுட்டுக்கு நடுவில் வைத்துச் சேர்த்து வெட்டுங்கள். அதிர்வும் போகும், பிசிறும் குறையும். ஜிக்சாவில் பிளேடு முன்னும் பின்னும் ஊசலாடும் அமைப்பைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

நேர்க்கோடுதான் வேண்டுமென்றால், 1 மி.மீ. வரை ரம்பமே தேவையில்லை. இரும்பு ஸ்கேலைக் கிளாம்பில் இறுக்கி, அக்ரிலிக் வெட்டும் கொக்கிக் கத்தியால் ஒரே வரியில் திரும்பத் திரும்ப இழுத்து, தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பள்ளம் எடுங்கள். மேசை விளிம்பில் அந்த வரியை வைத்து மேலும் கீழும் அசைத்தால் சுத்தமாக ஒடியும். இது பலருக்குத் தெரியாததில் எங்களுக்கு வியப்பு.

கிரைண்டரில் இரும்புக்கான டிஸ்க் போடக் கூடாது. அலுமினியத்துக்கென்று எழுதிய 1 மி.மீ. டிஸ்க் கிடைக்கிறது. மரம் வெட்டும் பல் பிளேடைக் கை கிரைண்டரில் மாட்டவே கூடாது, சிக்கினால் கருவி உங்கள் மேலேயே பாயும். பெஞ்ச் கிரைண்டர் கல்லில் அலுமினியத்தைக் காட்டினால் கல்லின் துளைகள் அடைபட்டு, சூடேறிக் கல் வெடிக்கக்கூடும். இன்னொன்று: அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்து கிடக்கும் இடத்தில் பொறி விழுந்தால் பயங்கரமாக எரியும். தண்டவாளத் துண்டுகளை உருக்கி இணைக்கப் பயன்படும் தெர்மிட் கலவையே அதுதான். இரண்டையும் ஒரே இடத்தில் அரைக்காதீர்கள், தூளை அன்றன்றே கூட்டி அள்ளுங்கள்.

கேள்வி: தகரக் கத்தரியில் வெட்டினால் தகடு சுருண்டுகொள்கிறது. வெட்டிலும் பல் பல்லாக நிற்கிறது.
– வாசகர், புதுச்சேரி

பதில்: கோட்டுக்கு 3 மி.மீ. வெளியே ஒருமுறை வெட்டி எடுத்துவிட்டு, பிறகு கோட்டில் வெட்டுங்கள். மெல்லிய கழிவு மட்டும் சுருளும், தகடு தட்டையாக நிற்கும். கத்தரி வாயை முழுதாக மூடாமல் முக்கால்வாசியில் நிறுத்தி முன்னே தள்ளினால் பல் வராது. கைப்பிடி நிறமும் சும்மா இல்லை: மஞ்சள் நேருக்கு, சிவப்பு இடப்பக்க வளைவுக்கு, பச்சை வலப்பக்க வளைவுக்கு. ஓரத்தை அரம் போடும்போது அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் துகள் அடைக்காது.

கேள்வி: கடைப் பெயர்ப் பலகைக்கு ஏ.சி.பி. ஷீட்டை மடிக்க வேண்டும். இதே முறைதானா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அது இரண்டு மெல்லிய அலுமினியத் தோலுக்கு நடுவே பிளாஸ்டிக். பின்பக்கத்தில் ரவுட்டரால் 'வி' பள்ளம் எடுத்துத்தான் மடிக்க வேண்டும். 90 டிகிரி பிட், நுனியில் 2–3 மி.மீ. தட்டை உள்ளது. முன்தோலும் அதன் மேல் சுமார் 0.3 மி.மீ. பிளாஸ்டிக்கும் மிஞ்சும் ஆழத்தில் நிறுத்துங்கள். தோலைத் தொட்டுவிட்டால் மடிப்பில் கிழியும். ஒரே முறைதான் மடிக்கலாம், விரித்து மறுபடி மடித்தால் பெயின்ட் வெடிக்கும். சாதாரண ரகத்தின் நடுப்பகுதி பாலிஎத்திலீன், தீப்பிடிக்கும். அடுப்புக்குப் பின்னால் ஒட்டுவதற்கு இதை வாங்காதீர்கள்.

கேள்வி: மடித்த பாகங்களை இரும்புத் திருகால் பூட்டினேன். ஒரு மழைக்காலத்திலேயே திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி. சால்டர் வைக்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சால்டர் வேண்டாம். அலுமினியத்தின் மேல் எப்போதும் இருக்கும் ஆக்சைடு படலத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது. ரிவெட்டே போதும்.

அந்த வெள்ளைப் பொடி, இரு வேறு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்து அலுமினியத்தைத் தின்றதன் எச்சம். கடலோர ஊர்களில் இது வேகமாக நடக்கும். செம்பு, பித்தளைத் திருகு இன்னும் மோசம். அலுமினிய ரிவெட் போடுங்கள். அதிலும் நடு ஆணி இரும்பாக இருந்தால் உள்ளே மிஞ்சும் துண்டு துருப்பிடித்துக் கறை வடியும், முழுக்க அலுமினியத்தில் செய்ததைக் கேளுங்கள். கழற்றி மாட்ட வேண்டிய இடத்தில் ஸ்டெயின்லெஸ் திருகும் நைலான் வாஷரும் போடலாம்.

3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 மி.மீ. துளை. நீளத்துக்கு, பூட்டும் தகடுகளின் மொத்தத் தடிமனோடு ரிவெட்டின் விட்டத்தைக் கூட்டுங்கள்: 1.2 தகடு இரண்டென்றால் 2.4 + 3.2 = 5.6, ஆக 6 மி.மீ. ரிவெட். துளையின் மையம் ஓரத்திலிருந்து 7 மி.மீ. உள்ளே இருக்கட்டும். துளை போடும்போது அடியில் மரக்கட்டை வைத்து இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போடுங்கள். சாதாரண டிரில் பிட் மெல்லிய தகட்டில் முக்கோணத் துளை போடும், 5 மி.மீ.க்கு மேல் படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் நல்லது. தகட்டைத் தூக்கும்போது கையுறை அவசியம். டிரில் ஓடும்போது அதைக் கழற்றிவிடுங்கள், பிட் துணியைச் சுற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

பெட்டியைச் சிமென்ட் தரையிலோ ஈரச் சுவரிலோ நேரடியாகப் பதிக்கிறீர்கள் என்றால், தொடும் பக்கத்துக்குத் தார் பெயின்ட் இரண்டு பூச்சு கொடுங்கள். சிமென்ட்டின் காரமும் அலுமினியத்தை அரிக்கும்.